ஹாக்ஐயின் தாய் உயிரோடு இருக்கிறாரா?

கேள்வி: "மேஷ், கொலம்போ போன்ற பழைய தொடர்களை முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்த்து வருகிறேன். ஒரே ஆளைப் பற்றி ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் வேறொன்றும் சொல்கிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவதா, ரசிகர்கள் செய்வதுபோல விளக்கம் தேடுவதா? எதை நிஜமென்று எடுத்துக்கொள்வது? கடைசியாக, கொலம்போவுக்கு மனைவி என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா?"

உங்களை எது இந்தக் கேள்விக்குத் தள்ளியது என்று ஊகிக்க முடிகிறது. கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவ முகாமைக் காட்டும் மேஷ் தொடரின் ஆரம்ப எபிசோடுகளில், அங்கே மருத்துவனாக இருக்கும் ஹாக்ஐ பியர்ஸ் தன் தந்தைக்குக் கடிதம் எழுதும்போது அம்மாவையும் தங்கையையும் விசாரிக்கிறான். சில வருடங்கள் கழித்து அதே ஹாக்ஐ வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவனுக்குப் பத்து வயதாகும்போதே தாய் இறந்துவிட்டார். நடுவில் யாரும் எதையும் விளக்கவில்லை. தங்கை எங்கே போனாள் என்று முகாமில் ஒருவரும் கேட்கவில்லை. வாரம் ஒன்றாகப் பார்த்தவர்களுக்கு இது உறுத்தியிருக்காது. ஒரே மாதத்தில் நான்கு சீசன்களைப் பார்த்து முடிக்கும் உங்களுக்கு உறுத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒரு தொடர் எப்படித் தயாரானது என்று தெரிந்துகொண்டால், முரண்களில் பாதிக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். 1950-களிலும் 60-களிலும் பெரும்பாலான எபிசோடுகளை வெளியிலிருந்து வந்த எழுத்தாளர்கள் எழுதினார்கள். கதையைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த தொடருக்குப் போய்விடுவார்கள். தொடரின் பாத்திரங்களைப் பற்றி அவர்கள் கையில் இருந்தது சில பக்கக் குறிப்பேடு. அதற்கு முன் எழுதப்பட்ட நாற்பது எபிசோடுகளையும் உட்கார்ந்து பார்க்க வழியே இல்லை. வீட்டில் பதிவு செய்துவைக்கும் பீட்டாமேக்ஸ் கருவி வந்ததே 1975-இல்தான். ஒருமுறை ஒளிபரப்பாகும், கோடையில் இன்னொருமுறை வரும், அவ்வளவுதான். முப்பது வருடம் கழித்து ஒருவர் திரையை நிறுத்திவைத்து ஒரு கல்லில் இருக்கும் எழுத்தைப் படிப்பார் என்று அவர்கள் எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் சொல்லும் கல், விண்வெளிக் கப்பல் தொடரான ஸ்டார் ட்ரெக்கில் வரும் ஒரு கல்லறைக் கல். கேப்டன் கிர்க்கின் பழைய நண்பன் கேரி மிட்செலுக்குத் தெய்வத்தைப் போன்ற சக்தி வந்துவிடுகிறது. கிர்க்கைக் கொல்வதற்கு முன்னால் அவனுக்கென்று ஒரு குழியையும் கல்லையும் மனத்தாலேயே உண்டாக்குகிறான். கல்லில் இருக்கும் பெயர் ஜேம்ஸ் ஆர். கிர்க். உலகம் அறிந்த கிர்க்கோ ஜேம்ஸ் டி. கிர்க். அந்த 'டி' டைபீரியஸைக் குறிக்கும் என்று 1974-இல் கார்ட்டூன் வடிவத் தொடரில்தான் முதலில் சொன்னார்கள். மிட்செல் வேண்டுமென்றே கேலிக்கு மாற்றி எழுதினான் என்றும், தெய்வமாகிவிட்டதாக நினைத்தவனின் அறிவிலும் ஓட்டை இருந்தது என்பதற்கு அது அடையாளம் என்றும் ரசிகர்கள் விதவிதமாகச் சொல்வதுண்டு. இரண்டாவது விளக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் உண்மைக் காரணம் மிக எளிது. அந்த எபிசோட் தொடரின் இரண்டாவது பைலட், அதாவது தொடரை விற்க முன்கூட்டியே எடுக்கும் மாதிரி எபிசோட். 1965-இல் படமாக்கப்பட்டது. கிர்க்கின் நடுப்பெயரை அப்போது யாரும் முடிவு செய்திருக்கவில்லை.

அந்த எபிசோடை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அதில் வேற்றுக் கிரகத்து அதிகாரியான ஸ்பாக் தன் மூதாதையர்களில் ஒருவர் மனிதப் பெண்ணை மணந்ததாகச் சொல்கிறார். பின்னால் வரும் கதைகளில் அந்த மனிதப் பெண் அவருடைய தாயே. கப்பலின் மருத்துவரும் வேறு ஆள், பின்னால் வரும் மெக்காய் இல்லை. சீருடையும் வேறு. முதலில் எடுத்த இதை என்.பி.சி. தொலைக்காட்சி மூன்றாவதாக, 1966 செப்டம்பர் 22 அன்று ஒளிபரப்பியது. ஆகவே அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்கு இரண்டு வாரம் ஒரு சட்டை, மூன்றாம் வாரம் வேறு சட்டை, நான்காம் வாரம் மறுபடி பழைய சட்டை. ஒளிபரப்பு வரிசையும் படப்பிடிப்பு வரிசையும் வேறு வேறு என்பதை மனத்தில் வைக்காமல் பழைய தொடர்களின் கன்டினியூட்டியை, முன்பின் பொருத்தத்தை, பற்றிப் பேச உட்காரவே கூடாது. உங்களிடம் இருக்கும் டிவிடி பெட்டியில் எந்த வரிசை என்று முதலில் பாருங்கள். சில பெட்டிகள் ஒன்றைப் பின்பற்றும், சில மற்றதை.

ஸ்பாக் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பார்வையே அதில்தான் மாறியது. 1964 கடைசியில் எடுத்த முதல் பைலட்டில் ஸ்பாக் முகம் மலரச் சிரிக்கிறார். வேற்றுக் கிரகத்துச் செடி ஒன்றைத் தொட்டதும் அதன் ஓசை நிற்கிறது. அவர் முகத்தில் குழந்தையைப் போல ஒரு சிரிப்பு. அந்தப் பைலட்டில் உணர்ச்சியே காட்டாத பாத்திரம் வேறொருவர், நம்பர் ஒன் என்று அழைக்கப்பட்ட பெண் அதிகாரி. என்.பி.சி. அந்தப் பைலட்டை ஏற்கவில்லை. நம்பர் ஒன்னும் அத்துடன் போனார். அவருடைய நிதானத்தைத் தூக்கி ஸ்பாக்கின் கையில் கொடுத்தார்கள். நமக்குத் தெரிந்த ஸ்பாக் இப்படிப் பிறந்தவர். அந்தச் சிரிப்பைப் பிழை என்று சொன்னால், பிறந்த குழந்தையின் படத்தைக் காட்டி இது இவரைப் போல இல்லையே என்று குறை சொல்வதாகும். முரண் என்பது பல நேரம் ஒரு பாத்திரம் உருவான தழும்பு. இதைப் புரிந்துகொண்ட பிறகு முரண்களை எண்ணுவதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. அவை எங்கிருந்து வந்தன என்று தேடுவதில் வந்துவிட்டது.

ரசிகர்கள் இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று வியப்பவர்கள், இந்தத் தொடர்கள் இன்று நம் கையில் எப்படி வந்தன என்பதை யோசிக்க வேண்டும். டாக்டர் என்ற காலப் பயணியைப் பற்றிய பிரிட்டிஷ் தொடரான டாக்டர் ஹூவின் பழைய நாடாக்களை பி.பி.சி. அழித்து மறுபடி பயன்படுத்தியது. 1960-களின் எபிசோடுகளில் 90-க்கும் மேற்பட்டவற்றின் படம் இன்றும் இல்லை. ஆனால் அவை எல்லாவற்றின் ஒலியும் இருக்கிறது. அன்றைய சிறுவர்களும் இளைஞர்களும் தொலைக்காட்சிப் பெட்டியருகே டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்ததால் இருக்கிறது. ஸ்டார் ட்ரெக் நின்றுபோன 1969-ஆம் வருடமே ரசிகர்கள் தாமாக ஒரு விவரத் தொகுப்பை அச்சிட்டு வெளியிட்டார்கள். பாத்திரம், கிரகம், கருவி என்று அகர வரிசையில். வீட்டில் வீடியோ என்ற பொருளே இல்லாத காலம் அது. இப்படிக் காப்பாற்றியவர்கள் "தாய் இறந்தாரா, இல்லையா" என்று கேட்பது வம்புக்காக அல்ல. அந்த ஆளைத் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது.

இப்போது எதை நிஜமாகக் கொள்வது என்பதற்கு வருகிறேன். கடைசியாகச் சொன்னதே நிஜம் என்பார்கள் சிலர். முதலில் சொன்னதே நிஜம் என்பார்கள் வேறு சிலர். 'கேனன்' என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, திரையில் வந்த எல்லாமே சமமான நிஜம், ஆகவே எல்லாவற்றையும் ஒட்டவைத்தே தீர வேண்டும் என்பார்கள் மற்றவர்கள். இவை மூன்றிலுமே எனக்கு உடன்பாடில்லை. எந்தத் தகவலின் மேல் கதை பிறகு வீடு கட்டியதோ, அந்தத் தகவலே நிற்கும். மற்றது கட்டாமல் விட்ட மனை.

ஹாக்ஐயையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்த அம்மாவும் தங்கையும் ஆரம்பக் கடிதங்களில் ஓரிரு வரிகள். அவர்களை வைத்து ஒரு காட்சிகூட எழுதப்படவில்லை. எடுத்துவிட்டாலும் எதுவும் சரியாது. 1982-இல் வந்த 'சன்ஸ் அண்ட் பௌலர்ஸ்' எபிசோடுக்கு வாருங்கள். ஊரில் தந்தைக்கு அறுவை சிகிச்சை. கொரியாவில் ஹாக்ஐ தொலைபேசிக்காகக் காத்திருக்கிறான். அவனோடு உட்கார்ந்திருப்பவர், அவன் எப்போதும் மல்லுக்கு நிற்கும் சக மருத்துவர் வின்செஸ்டர். பத்து வயதில் தாயை இழந்தவன், தந்தையும் மகனும் மட்டுமாக வாழ்ந்த ஒரு வீட்டிலிருந்து வந்தவன் என்பது அந்த இரவில் ஒவ்வொரு சொல்லிலும் இருக்கிறது. வின்செஸ்டர் கடைசியில் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: தனக்கு இருப்பவர் தந்தை, ஹாக்ஐக்கு இருப்பவரோ அப்பா. தமிழில் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் அம்மா ஒருவர் இருந்து தொலைபேசியை எடுத்திருந்தால் அந்த இரவே இல்லை. ஆகவே என் பதில்: ஹாக்ஐயின் தாய் இறந்துவிட்டார். தங்கை இருந்ததே இல்லை. ஆரம்பக் கடிதங்கள், அவன் யாரென்று எழுதியவர்களுக்கே இன்னும் தெரியாத நாளில் எழுதப்பட்டவை.

இதே சோதனையை மனநல மருத்துவர் ஃப்ரேசியருக்கும் வைத்துப் பாருங்கள். முதலில் சியர்ஸ் தொடரில் வந்தபோது அவர் தன் தந்தை ஓர் ஆராய்ச்சியாளர் என்றும் காலமாகிவிட்டார் என்றும் சொல்லியிருந்தார். 1993-இல் அவருக்கென்று தனித் தொடர் தொடங்கியபோது, தந்தை மார்ட்டின் ஓய்வுபெற்ற போலீஸ்காரராக, கைத்தடியோடும் பழைய நாற்காலியோடும் வீட்டுக்குள்ளேயே வந்து குடியேறினார். பொருட்படுத்தாமல் போயிருக்கலாம், பலர் அப்படித்தான் செய்வார்கள். 1995-இல் சியர்ஸ் தொடரின் சாம் விருந்தாளியாக வரும்போது, தந்தையின் முன்னாலேயே இந்தப் பேச்சு எழுகிறது. ஃப்ரேசியர் நெளிந்துகொண்டு ஒப்புக்கொள்கிறார்: அன்று அப்பாவோடு சண்டை, அந்தக் கோபத்தில் சொன்னது. ஒரு நிமிடம்கூட ஆகாத பேச்சு. ஆனால் படித்த மகன் போலீஸ்கார அப்பாவைச் சொல்லிக்கொள்ளக் கூசியிருக்கிறான், அவருக்குப் பதிலாக ஓர் ஆராய்ச்சியாளரைக் கற்பனை செய்து அவரையும் சாகடித்திருக்கிறான் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. சியர்ஸின் பழைய எபிசோடைத் திரும்பப் போய்ப் பார்த்தால், அந்த வரி இப்போது வலிக்கிறது. பிழையை வைத்தே ஆளை ஆழமாக்கிய இடம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எல்லாத் திருத்தமும் இப்படி அமைவதில்லை. டாலஸ் தொடரில் 1985-இல் பாபி யூயிங் கார் மோதி இறந்தார். ஒரு முழு சீசன் அவர் இல்லாமல் ஓடியது. நடிகர் பேட்ரிக் டஃபி திரும்பி வர ஒப்புக்கொண்டதும், 1986 மே மாதத்தில் அவர் குளியலறையில் ஷவருக்கடியில் நின்று காலை வணக்கம் சொன்னார். நடந்ததெல்லாம் அவருடைய முன்னாள் மனைவி பாமின் கனவு. தர்க்கப்படி பார்த்தால் இதில் ஓட்டையே இல்லை, எல்லா முரணையும் ஒரே துணியால் துடைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு வருடம் முழுக்கத் துக்கத்தோடு வாழ்ந்து, அதிலிருந்து மெல்ல எழுந்து வேறொருவரை மணந்த பாம் எங்கே போனாள்? அந்தச் சீசனில் ஒவ்வொருவரும் பட்டது, கற்றது எல்லாமே போயிற்று. பார்த்தவரின் ஒரு வருடமும் போயிற்று. அந்தத் தொடரிலிருந்து பிரிந்து வந்த நாட்ஸ் லேண்டிங்கிலோ பாபி இறந்தது இறந்ததுதான். அங்கே பாபியின் அண்ணனுக்கு மனைவியாக இருந்த வாலீன் தன் இரட்டைக் குழந்தைகளில் ஒருவனுக்கு அவர் பெயரையே வைத்திருந்தாள். அந்தத் துக்கத்தை அவர்கள் அழிக்க மறுத்தார்கள்; இரண்டு தொடர்களும் அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றையொன்று தொடவில்லை. கணக்குப்படி தவறு நாட்ஸ் லேண்டிங் பக்கம் என்று சொல்லலாம். நான் அவர்கள் பக்கம்தான்.

சில முரண்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. பிவிட்ச்ட் தொடரில் டேரினாக நடித்த டிக் யார்க் முதுகுவலியால் விலகியதும் 1969-இல் டிக் சார்ஜென்ட் வந்து அதே டேரினாகத் தொடர்ந்தார். நம் சீரியல்களில் 'இவருக்குப் பதில் இவர்' என்றாவது ஒரு வரி போடுவார்கள். அங்கே அதுவும் இல்லை. ஹேப்பி டேஸில் கன்னிங்ஹாம் குடும்பத்தின் மூத்த மகன் சக், இரண்டு சீசன்களில் இரண்டு நடிகர்களாக வந்து, பிறகு சுவடே இல்லாமல் மறைந்தான். இப்படி மறையும் பாத்திரங்களுக்கெல்லாம் ரசிகர்கள் அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். முதலாவது உடல்நலம், இரண்டாவது எழுத்தாளர்களுக்கு அவனால் வேலையில்லாமல் போனது. இவற்றுக்கு மந்திரமும் சதியும் தேடிக் கதை எழுதுவது பொழுதுபோக்காக நன்றாகத்தான் இருக்கும். புதிதாக எதையும் காட்டாது.

காலக் கணக்குதான் பெரிய காடு. கொரியப் போர் 1950 ஜூன் 25-இல் தொடங்கி 1953 ஜூலை 27-இல் நின்றது. மூன்று வருடமும் ஒரு மாதமும். மேஷ் ஓடியது பதினொரு சீசன்கள், 1972 முதல் 1983 வரை. முகாமின் இரண்டாவது தலைவரான கர்னல் பாட்டர் அங்கே வந்த நாள் 1952 செப்டம்பர் 19 என்று அவர் வரும் எபிசோடே தேதி போட்டுச் சொல்கிறது. அப்படியானால் அவருக்குக் கிடைப்பது பத்து மாதம். அதில் எட்டு சீசன்கள். பிறகு 1980 டிசம்பரில் வந்த ஓர் எபிசோட், 1950 கடைசி நாள் இரவிலிருந்து 1951 கடைசி நாள் இரவு வரை ஒரு முழு வருடத்தைக் காட்டுகிறது. அதில் பாட்டரும் இருக்கிறார், பி.ஜே.யும் இருக்கிறார், வின்செஸ்டரும் இருக்கிறார். பாட்டருக்கும் பி.ஜே.வுக்கும் முன்னால் அந்த இடங்களில் இருந்த, அப்போது முகாமில் இருந்திருக்க வேண்டிய ஹென்றி பிளேக்கும் ட்ராப்பரும் எங்கே? இதை ஒட்டவைக்க முடியாது. பல நாள் தாளில் எழுதிப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு எபிசோடை எடுத்து வெளியே வைத்தாலொழியக் கணக்கு நேராகாது. ஆனால் அதை வெளியே வைக்க மனம் வரவில்லை. ஒரு வருடம் முழுக்க அங்கே மாட்டிக்கொண்டவர்களின் அலுப்பை, நட்ட சோளம் முளைத்து வளர்ந்து அறுவடையாகும் வரை காத்திருக்கும் அலுப்பை, அதைவிட நன்றாகச் சொன்ன எபிசோட் குறைவு. அந்தப் போர் அங்கிருந்தவர்களுக்குப் பதினொரு வருடமாகத்தான் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். நீங்களும் தேதிகளை விட்டுவிடுங்கள்.

டாக்டர் ஹூ ரசிகர்கள் விடமாட்டார்கள். அவர்களுடைய தீராத வழக்கு யூனிட் என்ற ராணுவப் பிரிவின் காலம். அதன் தலைவர் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டின் கதைகள் எந்த வருடத்தில் நடந்தன? அவர் முதலில் வந்த 1968-ஆம் வருடக் கதை, 1935-இல் நடந்த ஒன்றை நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது என்கிறது. ஆக 1975-ஐ ஒட்டி. அடுத்த கதை அதிலிருந்து நான்கு வருடம் தள்ளி. 1975-இல் ஒளிபரப்பான 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில், டாக்டரோடு பயணம் செய்யும் சாரா, தான் 1980-ஆம் வருடத்தைச் சேர்ந்தவள் என்று நேராகவே சொல்கிறாள். பிரிட்டன் செவ்வாய்க்கு மனிதர்களை அனுப்பும் கதைகள் நடுவில் வருகின்றன. அன்று எழுதியவர்களுக்கு இது கொஞ்சம் தள்ளியிருக்கும் எதிர்காலம் என்பதில் ஐயமில்லை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது 1983-இல் 'மாட்ரின் அன்டெட்' வந்தது. அதில் பிரிகேடியர் 1976-இலேயே ஓய்வு பெற்று, 1977-இல் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். இன்னும் நடக்காத சாகசங்களிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார்!

ராணுவ அதிகாரி ஏன் கணக்கு வாத்தியார் ஆனார் என்று கேட்டால் நூல் பிடிபடும். அந்தக் கதை அவருக்காக எழுதப்பட்டதே அல்ல. தொடரின் முதல் நாளில், 1963-இல், வந்த பள்ளி ஆசிரியர் இயான் செஸ்டர்டனைத் திரும்ப அழைத்துவரத் திட்டமிட்டார்கள். நடிகர் வில்லியம் ரஸ்ஸல் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் அப்படியே நிற்க, அதற்குள் பிரிகேடியரைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1977 என்ற வருடத்தில் ராணியின் வெள்ளி விழாக் கொண்டாட்டம் நடந்ததால் பார்ப்பவர்களுக்குக் காலத்தைக் காட்ட எளிதாக இருந்தது. யூனிட் கணக்கு அதில் அடிபட்டுப் போயிற்று. 2008-இல் டாக்டரே வந்து, தான் அவர்களிடம் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தடுமாறுவார். ரசிகர்களின் சண்டையைத் தெரிந்த ஒருவர் அன்போடு எழுதிய வரி அது.

என் தீர்ப்பு? சாரா சொன்ன 1980-ஐ நம்புகிறேன். 1977 என்பது பிழை. ஆனாலும் 'மாட்ரின் அன்டெட்' கதையைத் தள்ள மாட்டேன். அதில் பிரிகேடியர் டாக்டரை முற்றிலும் மறந்துபோயிருக்கிறார். பழைய பெயர்களைச் சொல்லச் சொல்ல, தைரியமும் மிடுக்கும் மட்டுமே தெரிந்த அந்த முகத்தில் நினைவு ஒவ்வொன்றாகத் திரும்புகிறது. பிரிகேடியராக நடித்த நிக்கலஸ் கோர்ட்னி அந்த இடத்தில் செய்வதைப் பாருங்கள். அது பிரிகேடியரேதான், வேறு யாரும் இல்லை. வருடம் தவறியது, ஆள் தவறவில்லை.

தலைகீழாக, விவரம் சரியாக இருந்து கதை சோர்ந்துபோன சந்தர்ப்பங்களும் உண்டு. 1980-களில் டாக்டர் ஹூ தயாரிப்பாளர்கள் ஒரு ரசிகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய விவரங்களைக் கேட்டு எழுதினார்கள். 1985-இல் வந்த 'அட்டாக் ஆஃப் த சைபர்மென்' 1966, 1967 கதைகளைத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே முழுதாகப் புரியும். அந்த இரண்டாவது கதையின் படமோ அப்போது உலகில் எங்குமே இருப்பதாகத் தெரியவில்லை. 1991-இல்தான் ஹாங்காங்கிலிருந்து கிடைத்தது. யாரும் பார்க்க முடியாத ஒன்றுக்கு விசுவாசமாக இருந்து, கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவர்களை மறந்துவிட்டார்கள்.

ஸ்டார் ட்ரெக்கின் வேற்றுக் கிரக இனமான கிளிங்கன்களின் நெற்றியும் எனக்கு இதையே சொல்கிறது. 1960-களின் ஸ்டார் ட்ரெக்கில் அவர்கள் நெற்றி வழவழப்பு. செலவுக்கு ஏற்ற மேக்கப். 1979-இல் சினிமாவாக வந்தபோது பணம் இருந்தது, மேடுபள்ளமான நெற்றி வந்தது. 1996-இல், அதிலிருந்து கிளைத்த டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் குழுவினர் பழைய காலத்துக்குள் பயணித்துப் பழைய கிளிங்கன்களை நேரில் பார்க்கிறார்கள். எல்லோரும் திரும்பித் தங்களோடு இருக்கும் கிளிங்கனான வோர்ஃபைப் பார்க்கிறார்கள். அவர்கள் கிளிங்கன்கள்தான் என்கிறார் வோர்ஃப். மேற்கொண்டு கேட்டால், வெளியாரிடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறார். ஓர் இனத்தின் மானமும் மறைத்துவைத்த வெட்கமும் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. 2005-இல் என்டர்பிரைஸ் தொடர் இரண்டு எபிசோடுகள் எடுத்துக்கொண்டு, மரபணு ஆராய்ச்சி, நோய்த்தொற்று என்று முறையாக விளக்கியது. நல்ல உழைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வோர்ஃபின் வாய்மூடலுக்கு அது ஈடாகாது.

செயின்ட் எல்ஸ்வேர் தொடரின் கடைசி எபிசோடை வைத்து, நூற்றுக்கணக்கான தொடர்கள் ஒரு சிறுவனின் கற்பனை என்று சிலர் கட்டும் வலையைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். பார்க்க அழகான வரைபடம். ஆனால் நான் கனவில் ஒரு நிஜ ஊருக்குப் போனால் அந்த ஊரே கனவாகிவிடாது.

கொலம்போவுக்கு வருமுன் ஓர் எச்சரிக்கை. ரசிகர்கள் எழுதிவைத்ததையே சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துப்பறியும் போலீஸ்காரரான கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப் என்று நீண்ட காலம் உலவியது. அது ஃப்ரெட் வொர்த் என்பவர் தன் தகவல் களஞ்சியத்தில் வேண்டுமென்றே நட்டுவைத்த பொய்; யார் காப்பி அடிக்கிறார்கள் என்று பிடிப்பதற்காக. டிரிவியல் பர்சூட் என்ற பொது அறிவு விளையாட்டில் ஃபிலிப் என்ற அதே விடை வந்ததும் 1984-இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அவர்கள் அவருடைய புத்தகத்தைப் பயன்படுத்தியதை மறுக்கவில்லை. தகவல்களுக்குக் காப்புரிமை கிடையாது என்று வழக்கு தள்ளுபடியானது. திரையில் என்ன இருக்கிறது? 1971-இல் வந்த 'டெட் வெயிட்' எபிசோடில் அவர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டும்போது நிறுத்திப் பாருங்கள். கையெழுத்து ஃப்ராங்க் கொலம்போ. ஆனால் இதன் மேலும் எதுவும் கட்டப்படவில்லை. கதைக்குள் அவரிடம் பெயரைக் கேட்டவருக்கு, இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடுவது அநேகமாக என் மனைவி மட்டும்தான் என்கிறார். எனக்கு அவர் பெயர் அதுதான்: மனைவிக்கு மட்டும் தெரிந்த ஒன்று.

அந்த மனைவி இருக்கிறாரா? சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு. 1968-இலிருந்து அவர் வாயில் மனைவி பேச்சு ஓயவில்லை. திரையில் அவர் வரவே இல்லை. குற்றவாளியை அசட்டையாக்க அவர் சொல்லும் கதைகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று வாதிடுவார்கள். 1979-இல் என்.பி.சி. 'மிஸஸ் கொலம்போ' என்று தனித் தொடரே தொடங்கியது, கொலம்போவைப் படைத்த லெவின்சனும் லிங்க்கும் விரும்பாதபோதும். நடித்த கேட் மல்குரூவுக்கு அப்போது 23 வயது. 1968-இல் பதின்மூன்றைத் தாண்டாத ஒரு பெண் எப்படி அப்போதே அவருக்கு மனைவியாக இருந்திருப்பார்? தொடரின் பெயரை மாற்றினார்கள், பாத்திரத்தின் குடும்பப் பெயரையும் மாற்றினார்கள், விவாகரத்தும் ஆயிற்று. அவர் வேறு யாரோ. அதை விட்டுவிடுங்கள்.

சாட்சி கொலம்போ வாயிலிருந்து வரக் கூடாது. அவரை நம்பாத ஒருவரிடமிருந்து வர வேண்டும். 1975-இல் வந்த 'ஐடென்டிட்டி க்ரைசிஸ்' எபிசோடைப் பாருங்கள். கொலைகாரர் நெல்சன் பிரென்னர், உளவுத்துறையின் ஆள். பேட்ரிக் மெக்கூஹன் நடித்தது. அவர் வீட்டில் கொலம்போ நிற்கிறார். பின்னணியில் இசைத்தட்டு ஓடுகிறது, 'மேடம் பட்டர்ஃப்ளை'. உங்கள் மனைவிக்கு மிகவும் பிடித்ததாயிற்றே என்கிறார் பிரென்னர் சாதாரணமாக. கொலம்போ அதை அவரிடம் சொன்னதே இல்லை. தன் வீட்டில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு உறைக்கிறது. இந்தக் காட்சியை எதிராளியின் பக்கமிருந்து யோசியுங்கள். ஒரு தொழில்முறை உளவாளி அந்த வீட்டுக்குள் காதை வைத்திருக்கிறார். உள்ளே ஒருவன் மட்டும் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். அதை ஆயுதமாகவும் வைத்திருப்பார். அவர் கேட்டதோ, ஒரு பெண்மணிக்கு எந்த இசை பிடிக்கும் என்பதை.

ஆம், இருக்கிறார்.